சாயத்தண்ணியில் கொடுத்த மருந்து

ஐந்தாவது தடவை ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனபோது யாரிடமும் வழி கேட்கவில்லை. எக்ஸ்ரே அறையைத் தாண்டி, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இடதுபுறம் திரும்பினால் பிள்ளைகள் வாட்டு. வாசலில் நின்ற காவலாளி என் முகத்தைப் பார்த்ததும், “ஆயெத் ஆவத?” என்றார். திரும்பவும் வந்தீர்களா என்று அர்த்தம். “ஆவா” என்றேன். வந்தேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

என் மகள் தனுஷிகா அவளுடைய அம்மாவின் தோளில் கிடந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு வயதும் ஏழு மாதமும். அழவில்லை. அழுவதற்கும் காற்று வேண்டும், அது அவளிடம் மிச்சமில்லை. மூச்சை இழுக்கும்போது மூக்குத் துவாரங்கள் விரிந்தன. விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து, திரும்ப மேலே வந்தது. முதல் தடவை இதைப் பார்த்தபோது ஆள் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். ஐந்தாவது தடவை, கிளினிக் அட்டை எந்தப் பையில் இருக்கிறது என்றுதான் யோசித்தேன்.

பிள்ளைக்கு அடிக்கடி நெஞ்சில் சளி கட்டி, வாட்டுக்குப் போய், சுகமாகி வந்து, திரும்பவும் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மருத்துவம் சொல்லித்தர எனக்குத் தெரியாது. நாங்கள் செய்த பிழை என்னவென்று தெரியும். அதை நீங்களும் செய்துகொண்டிருக்கலாம்.

எங்கள் லயம் (ஒற்றையறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள்) தெரணியகலைக்கு மேலே இருக்கிறது. மலையின் கீழ்ப்பாதி ரப்பர், மேல்பாதி தேயிலை. என் மனைவி புஷ்பா கொழுந்து எடுக்கிறாள். நான் எதிலும் நிலைக்காதவன். ரப்பர் பால் வெட்டினேன். இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். எம்பிலிப்பிட்டியச் சந்தையில் வாழைக்குலை ஏற்றினேன். கித்துல்கலையில் வெள்ளைக்காரர்கள் ஏறும் காற்றுப் படகுகளை ஆற்றிலிருந்து ரோட்டுக்குத் தலையில் சுமந்தேன். ஒரு இடத்தில் மூன்று மாதம் இருந்தால் அடுத்த பஸ் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவேன். மகள் பிறந்த பிறகும் அது மாறவில்லை.

முதல் தடவை வந்தபோது அவளுக்கு ஒரு வயதும் ஒரு மாதமும். மே மாத மழை. இருமலுக்கு முன்னால் சாப்பாட்டை நிறுத்தினாள். ரொட்டியை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளிவிட்டாள். புஷ்பா எனக்கு போன் செய்தபோது நான் எம்பிலிப்பிட்டியவில் இருந்தேன். அங்கே ஒரு பார்மசியில் இருமல் சிரப் வாங்கி, இரத்தினபுரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, அவர் தெரணியகலை பஸ்ஸில் மாற்றிவிட, மறுநாள் அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை ஒரு கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். சிரப் போய்ச் சேர்ந்த நேரத்தில் புஷ்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் பெரியாஸ்பத்திரியில் இருந்தாள்.

நிமோனியா என்றார்கள் (நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப் பைகளில் சளியும் நீரும் நிறைந்துவிடும் நோய்). ஒரு வாரம் ஊசி மருந்து. சுகமாகி வந்தாள்.

செப்டெம்பரில் இரண்டாவது தடவை. பெப்ரவரியில் மூன்றாவது. இடையில் வந்த சளிகளை நாங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். அதாவது, போன தடவை கொடுத்த ஆன்டிபயோடிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) மிச்சம் இருந்தால் அதைக் கொடுத்தோம். மருந்து கொடுத்து மூன்றாவது நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, போத்தலை மூடி, கூரைக்கம்பில் தொங்கவிட்டோம். அடுத்த சளிக்கு இருக்கட்டும் என்று. கலக்கிய மருந்து சில நாளில் செத்துப்போகும் என்பதும், பாதியில் நிறுத்தினால் கிருமி மிஞ்சி நிற்கும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்டிருக்க மாட்டோம்.

கிளினிக் அட்டையில் எடைக்கோடு ஒன்று இருக்கும். பச்சை நிறத்தில் போகவேண்டும். எங்கள் பிள்ளையின் கோடு முதல் ஆறு மாதம் பச்சையில் ஏறியது. பிறகு சாய்ந்து, மஞ்சளுக்கு வந்து, செம்மஞ்சளில் படுத்துவிட்டது. தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம்) ஒவ்வொரு மாதமும் பேனையை வைத்துப் புள்ளி போட்டுவிட்டு எங்களை நிமிர்ந்து பார்ப்பார். சத்துமா பாக்கெட் தருவார். அது பிள்ளைக்கு மட்டும் என்பார். நாங்கள் அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தோம். பிள்ளைக்கு ஒன்று, புஷ்பாவுக்கு ஒன்று, நான் வீட்டில் இருந்தால் எனக்கு இரண்டு. ருசியாக இருக்கும்.

மூன்றாவது தடவை வாட்டில் இருந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் (மூச்சுக் காற்றை உடம்பெல்லாம் சுமந்துபோகும் ரத்தத்தின் சிவப்புச் சத்து) பதினொன்று இருக்கவேண்டும். அவளுக்கு எட்டு. இரும்புச் சத்து சிரப் எழுதிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது மிஸ்ஸி ஒருவர் எப்படிக் கொடுப்பது என்று புஷ்பாவுக்குச் சிங்களத்தில் சொன்னார். புஷ்பா தலையாட்டினாள். அவளுக்குக் கடைச் சிங்களம் தெரியும், ஆஸ்பத்திரிச் சிங்களம் தெரியாது. வீட்டுக்கு வந்ததும், “என்னா சொன்னாங்க?” என்று கேட்டேன். “ஒரு கரண்டி, ரெண்டு நேரம்” என்றாள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சிரப்பை நானும் நக்கிப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணியைச் சீனியில் உருட்டி வாயில் போட்ட மாதிரி. தனு துப்பினாள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் வாந்தி எடுத்தாள். இரண்டு நாள் புஷ்பா அவளோடு மல்லுக்கட்டினாள். மூன்றாவது நாள் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

எங்கள் தோட்டத்தில் எந்த மருந்தும் தேத்தண்ணியோடுதான் உள்ளே போகும். தலைவலி மாத்திரையா, பிரஷர் மாத்திரையா, பேதி மருந்தா, ஒரு கையில் மாத்திரை, மறு கையில் சாயத்தண்ணி. பால் போடாத தேத்தண்ணியை நாங்கள் அப்படிச் சொல்வோம். தோட்டத்தில் மாதாமாதம் தேயிலைத்தூள் கொடுப்பார்கள். வீட்டில் பால் இல்லாத நாள் உண்டு, முட்டை இல்லாத மாதம் உண்டு, தேயிலைத்தூள் இல்லாத நாள் இருந்ததில்லை. பிள்ளைக்கு ஏழு மாதத்திலேயே சாயத்தண்ணி பழகிவிடும். ரொட்டியை அதில் தோய்த்துக் கொடுப்போம். போத்தலில் ஊற்றிப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொடுத்தனுப்புவோம் (தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது).

அரைக் கோப்பை சாயத்தண்ணியில் சீனியைக் கூடப் போட்டு, ஒரு கரண்டி சிரப்பை ஊற்றிக் கலக்கினேன். தனு ஒரு வார்த்தை பேசாமல் குடித்து முடித்தாள்.

“பாத்தியா” என்றேன்.

புஷ்பா கோப்பையை எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இது ஏன் மை மாதிரி கறுத்துப் போச்சு?”

“சத்துடி அது. சத்துன்னா கறுப்பாத்தான் இருக்கும்.”

“அப்ப ஒங்களுக்கு ஒடம்பு பூரா சத்துதான்” என்றாள். சிரித்தோம்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அப்படித்தான். நான் வெளியூரில் இருந்தாலும் போனில் கேட்பேன், கலந்து கொடுத்தாயா என்று. பிள்ளைக்கு வெளிக்குப் போவதும் கறுப்பாக இருந்தது. மருந்து பிடிக்கிறது என்பதற்கு அதை அத்தாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

ஜூனில் நான்காவது தடவை வாட்டுக்குப் போனபோது ரத்தம் எட்டிலிருந்து ஏழுக்கு இறங்கியிருந்தது. மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு நேரம்கூடத் தவறவில்லை என்றோம். அது உண்மை. அளவை ஒன்றரைக் கரண்டியாகக் கூட்டினார்கள். நாங்களும் கூட்டிக் கலந்தோம்.

நவம்பரில் ஐந்தாவது தடவை. முதலில் சொன்னது அதைத்தான்.

அன்று காலை பத்து மணிக்கு அவளை ஒக்சிஜனில் போட்டார்கள். மூக்கில் குழாய். நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் கருவி) இரண்டு தடவை வைத்தார்கள். காசநோயா என்று பார்க்கக் கையில் ஒரு ஊசி போட்டுக் குறித்தார்கள். ரத்த முடிவு வந்தது. ஐந்து. மூச்சும் திணறி, ரத்தமும் இவ்வளவு இறங்கியிருப்பதால் ரத்தம் ஏற்றவேண்டும் என்றார் டொக்டர்.

டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். அவருடைய தமிழ் எங்கள் தமிழ் மாதிரி இல்லை, ஆனால் தமிழ். புஷ்பா அவர் பேசும்போது வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ளைக்கு ஏதும் ஆகிடுமா டொக்டர்?” என்று கேட்டாள்.

“இப்ப ஒண்டும் சொல்லேலாம்மா. ரத்தம் ஏறட்டும், பாப்பம்.”

நான் ரத்த வங்கிக்குப் போனேன். என்னுடையதை எடுக்கச் சொன்னேன். ஏற்றுகிற ரத்தம் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது, என்னுடையது அவளுக்குப் போகாது என்றார்கள். பரவாயில்லை, யாருக்காவது வையுங்கள் என்றேன். சும்மா நிற்க முடியவில்லை, அதுதான் காரணம். விரல் நுனியில் குத்தி, ஒரு துளியைக் குப்பியில் இருந்த நீலத் தண்ணீரில் விட்டார்கள். நல்ல ரத்தம் என்றால் துளி அடிக்குப் போகும். என்னுடைய துளி கொஞ்சம் இறங்கி, நடுவில் நின்று, திரும்ப மேலே வந்தது. அங்கிருந்த மிஸ்ஸி பஞ்சை என் விரலில் வைத்து, “மல்லி, ஒயாகெத் லே மதி” என்றார். தம்பி, உனக்கும் ரத்தம் போதாது.

வாட்டுக்குத் திரும்பி வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்தேன். யாரோ ஒருவருடைய ரத்தம் என் மகளுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. எதுவும் தோன்றவில்லை. தண்ணீர்த் தாங்கியின் குழாய் ஒழுகியது. அதன் கீழே யாரோ வைத்த வாளி நிரம்பி வழிந்தது. நான் எழுந்து வாளியை நகர்த்தவும் இல்லை.

மாலையில் உள்ளே விட்டார்கள். தனுவின் உதடு சிவந்திருந்தது. அந்த உதட்டுக்கு அப்படி ஒரு நிறம் உண்டு என்பதை அன்றுதான் பார்த்தேன். சந்தோஷப்படவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அது எங்கேயோ தூரத்தில், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருந்தது.

மூன்று நாள் கழித்து ஒக்சிஜனை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வாட்டில் தாய்மார் மட்டும் தங்கலாம். தகப்பன்மார் பார்வை நேரத்தில் வரலாம். நான்காவது நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு நான் போனபோது, பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு புஷ்பா குளிக்கப் போனாள். நான் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். பையில் வீட்டிலிருந்த சத்துச் சிரப்பும் இருந்தது. வாட்டில் ஊசி போடுகிறார்கள், நெபுலைசர் வைக்கிறார்கள், சத்துமருந்தை மட்டும் மறந்துவிட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை. நாமாவது கொடுப்போம் என்று நினைத்தேன்.

பிளாஸ்க் மூடி வெள்ளை நிறம். அதில் சாயத்தண்ணியை ஊற்றினேன். தங்க நிறமாக இருந்தது. ஒன்றரைக் கரண்டி சிரப்பை விட்டுக் கலக்கினேன். தனு எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“ஏய், ஏய்!” என்று ஒரு மிஸ்ஸி ஓடிவந்தார். வெளியிலிருந்து மருந்து கொண்டுவந்து கொடுக்கக்கூடாது என்று சிங்களத்தில் ஏசினார். எனக்குச் சிங்களம் தாய்மொழி மாதிரி வரும். இது மருந்துக்கடையில் வாங்கியது இல்லை, இந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துச் சிரப்தான், ஒன்பது மாதமாக ஒரு நேரம் தவறாமல் கொடுக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். போத்தலைக் காட்டினேன்.

அவர் போத்தலைப் பார்க்கவில்லை. மூடியைப் பார்த்தார். அது கறுத்துப் போயிருந்தது.

“இது என்ன தண்ணீர்?”

“தேத்தண்ணி.”

“எப்போதும் இதிலா கொடுப்பது?”

“எப்போதும்.”

அவர் ஏசுவதை நிறுத்திவிட்டார். மூடியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு போனார். தனு அவர் போகிற பக்கம் பார்த்து அழத் தொடங்கினாள். நல்ல சத்தமான அழுகை. பல நாளைக்குப் பிறகு அப்படி அழுதாள்.

டொக்டர் வந்தார். மூடி அவர் கையில் இருந்தது. கட்டிலில் ஓரமாக உட்கார்ந்து, தாளும் பேனையும் எடுத்தார்.

“புள்ள காலையில எழும்பினதிலருந்து என்னத்தக் குடிக்கிற? சொல்லுங்க.”

“தேத்தண்ணி, டொக்டர்.”

“பொறகு?”

“ரொட்டி. தேத்தண்ணில தோச்சி.”

“பொறகு?”

“பிள்ளைக்காம்பராவுக்குப் போத்தல் குடுத்து அனுப்புவோம்.”

“போத்தலுக்குள்ள என்ன?”

நான் கறுத்த மூடியைப் பார்த்தேன். அவரும் எழுதுவதை நிறுத்தினார்.

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தேயிலையில் இருக்கும் சாயம் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மூடியில் கறுத்தது அதுதான். பிடித்த சத்தை வயிறு உறிஞ்ச விடாமல் வெளியே கொண்டுபோய்விடும். மருந்தில் இருப்பதை மட்டுமல்ல, சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச நஞ்சத்தையும். இரும்பு இல்லாவிட்டால் ரத்தம் ஊறாது. ரத்தம் மட்டுமல்ல, கிருமியோடு சண்டை போடுகிற உடம்பின் காவலும் சோர்ந்துவிடும். தேத்தண்ணியால் வயிறு நிறைந்த பிள்ளை வேறு எதையும் கேட்காது. மெலியும். மெலிந்த பிள்ளைக்குச் சளி சீக்கிரம் நெஞ்சுக்கு இறங்கும். சளி வந்தால் இன்னும் சாப்பிடாது. இன்னும் மெலியும்.

“அடுப்பு என்ன அடுப்பு?”

“விறகு. ரப்பர் விறகு.”

“ஒரே அறைக்குள்ளயா?”

“ஆமாங்க.” காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தி வைத்ததையும், வாட்டில் சத்துமருந்தை மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்ததையும் சொன்னேன்.

“அதுவும் ஒரு காரணம். மருந்தப் பாதியில நிப்பாட்டினதும் ஒரு காரணம். நாலஞ்சு காரணம் சேந்துதான் இது. தேத்தண்ணி மட்டுமெண்டு நினைக்காதீங்க.” எழுந்தவர், திரும்பவும் உட்கார்ந்தார். “காய்ச்சலோட இருக்கும்போது இரும்பு குடுக்க வேணாமெண்டு நான்தான் நிப்பாட்டி வெச்சேன். ஒருத்தரும் மறக்கல்ல. உங்கள நீங்களே ஏசிக்கிட்டு இருந்தா புள்ளைக்கு ரத்தம் ஊறாது. விளங்குதா?”

விளங்கியது. ஒன்பது மாதம் ஒரு நேரம் தவறாமல், மருந்தைக் கொடுத்ததும் நான், கொடுத்த கோப்பையிலேயே அதைக் கொன்றதும் நான்.

புஷ்பா ஈரத் தலையோடு வந்தாள். நான் சொன்னேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், “நான் கேட்டேன்ல” என்றாள். “ஏன் கறுக்குதுன்னு கேட்டேன்ல. சத்துன்னு சொன்னீங்க.” அதற்குப் பிறகு துவாயைப் பிழிந்து கட்டில் கம்பியில் போட்டாள். ஏசியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காசநோய் இல்லை என்று முடிவு வந்தது. பதினோராவது நாள் துண்டு வெட்டினார்கள்.

வீட்டில் முதல் வேலை தேத்தண்ணியை நிறுத்துவது. சுலபம் என்று நினைக்காதீர்கள். ஒன்பது நாள் அழுதாள். காலையில் கண் விழித்ததும், “தேத்தண்ணி” என்பாள். வாயில் வந்த முதல் சொற்களில் அதுவும் ஒன்று. பக்கத்துக் காம்பராவுக்குப் போய் மற்றவர்களின் கோப்பையைப் பிடித்து இழுத்தாள். நாலாவது நாள் புஷ்பா தாங்கமாட்டாமல் கோப்பையை எடுத்துவிட்டாள். நான் கையைப் பிடித்தேன்.

“விடுங்க. பாவம்ங்க புள்ள.”

“பாவந்தான்.”

“காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பறிக்கிறது. அத எம் புள்ள ஒரு வாய் குடிக்கக்கூடாதா?”

நான் பிடித்த கையை மட்டும் விடவில்லை. அன்றிலிருந்து தனு முன்னால் நாங்கள் இருவரும் குடிப்பதை நிறுத்தினோம். லயத்துக் கொல்லைப்பக்கம் போய், திருடர்கள் மாதிரி நின்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தோம். அதில் ஒருநாள் புஷ்பா சிரித்துவிட்டாள்.

பிள்ளைக்காம்பராவில் ராணி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

“தம்பி, இருவது வருசமா இந்தத் தோட்டத்துப் புள்ளைங்களுக்குத் தேத்தண்ணிதான் ஊத்துறேன். எல்லாம் வளந்து கொழும்புல வேல செய்யுதுங்க. ஒம் புள்ள மட்டும் என்னா ராசா வீட்டுப் புள்ளையா?”

“எல்லாமாக்கா?” என்றேன்.

அவர் அடுப்பைப் பார்த்தார். பிறகு, “சரி. ஒம் மகளுக்குச் சுடுதண்ணி ஆத்தி வைக்கிறேன். போத்தல் கொண்டா” என்றார். பச்சைப் போத்தல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் மற்றப் பிள்ளைகளும் பச்சைப் போத்தல் தண்ணீருக்கு அழத் தொடங்கின. ராணி அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “வந்துட்டாரு டொக்டரு” என்பார்.

இரும்புச் சிரப்பை இப்போது தேசிக்காய் (எலுமிச்சை) தண்ணீரில் கொடுக்கிறோம், சாப்பாட்டுக்கு முன்னால். புளிப்பு இருந்தால் சத்து நன்றாகச் சேரும் என்றார்கள். பல்லில் கறை படியாமல் நாக்கின் பின்பக்கம் ஊற்றி, பிறகு வாயைக் கொப்பளிக்க வைப்போம். முதல் மூன்று நாள் துப்பினாள், திரும்பக் கொடுத்தோம். நெத்தலியை வறுத்து இடித்த தூளைச் சோற்றில் பிசைகிறோம். முருங்கைக்கீரை, பருப்பு, கிடைக்கும்போது முட்டை. சத்துமா அவளுக்கு மட்டும். அடுப்பைக் காம்பராவுக்கு வெளியே இறக்கி, பழைய தகரத்தால் கூரை போட்டேன். மழை சாய்ந்து அடித்தால் அணைந்துவிடும். அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகும்.

நான் எங்கும் போகவில்லை. முடிவு எடுத்தேன் என்று சொல்ல முடியாது. போவதற்கு உடம்பு எழும்பவில்லை. காலையில் ரப்பர் பால் வெட்டி, பகலுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மிட்வைஃப் மிஸ்ஸி எனக்கு மூச்சு எண்ணப் பழக்கினார். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். பாதி எண்ணி இரட்டிக்கக்கூடாது. இந்த வயதில் நாற்பதைத் தொட்டாலோ, நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, வேறு எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பெப்ரவரியில் ஒரு காலை எண்ணினேன். நாற்பத்தாறு. முந்தின தடவைகளில் இரண்டு மூன்று நாள் வீட்டில் பார்த்திருப்போம். அன்று ஒரு மணி நேரத்தில் முச்சக்கர வண்டியில் இருந்தோம். ஆறாவது தடவை. ஒக்சிஜன் தேவைப்படவில்லை. நாலு நாளில் வீட்டுக்கு வந்தோம். ரத்தம் பத்தைத் தாண்டியிருந்தது.

டொக்டர் எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம், அடியில், கைரேகை பட்ட மாதிரி ஒரு மங்கல். அது முழுதாகப் போகாது என்றார். காயம் ஆறின இடத்தில் தழும்பு நிற்கிற மாதிரி. வளர வளர மற்றப் பகுதி அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். ஓடும்போது கொஞ்சம் இளைக்கலாம். “பழகிருவா” என்றார். அந்த மங்கலில் என் பங்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இந்த ஜூனில் மழை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. தனுவுக்கு மூக்கு ஒழுகியது. மறுநாள் இருமினாள். புஷ்பா எதுவும் கேட்காமல் பையை எடுத்து அட்டை, துவாய், சட்டை எல்லாவற்றையும் வைத்துக் கதவோரம் சாத்தினாள். நான் எண்ணினேன். முப்பத்தொன்று. மதியம் முப்பத்துமூன்று. கையை அவள் வயிற்றிலிருந்து எடுக்காமல் திரும்பவும் எண்ணினேன். முப்பத்துமூன்று.

எனக்கு முன்பு மாதங்களாகத்தான் காலம் போனது. இங்கே மூன்று, அங்கே இரண்டு. இப்போது ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரியும். அதற்குள் முப்பது தடவை ஒரு பிள்ளை உயிரோடு இருக்கலாமா வேண்டாமா என்று கேட்கப்படுகிறது. பால் வெட்டப் போகிற வழியில் ஏற்றம் ஏறும்போது என் மூச்சையும் எண்ணுகிறேன். இத்தனை வருடம் அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது, நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மூன்றாவது நாள் இருபத்தொன்பது. நாலாவது நாள் இருபத்தேழு. சோறு கேட்டாள். ஐந்தாவது நாள் மழை விட்டிருந்த பகலில், மூக்கு காய்ந்து தோல் உரிந்திருந்தது. இருமல் இல்லை. சளி வந்தது, போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற மாதிரி.

புஷ்பா வாசலில் நின்று அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கால்பக்கம் அந்தப் பை அப்படியே இருந்தது.

“அவ்ளோதானா?” என்றாள்.

“அவ்ளோதான் போல.”

“வேற ஒன்னும் இல்லியா?”

“இல்ல.”

அவள் இன்னும் நின்றாள். என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான் படிக்கட்டில் உட்கார்ந்து, தனுவை மடியில் இழுத்து, போனில் ஒரு நிமிடத்தை வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கினேன். பதினொன்று எண்ணியிருப்பேன். அவள் வயிற்றை எக்கி, என் கைக்குக் கீழே நழுவி, படி இறங்கி ஓடினாள்.

மிச்ச நிமிடம் முடிந்து போன் சத்தம் போட்டபோது என் கை இன்னும் அவள் வயிற்றின் அளவுக்குக் குவிந்தபடி மடியில் இருந்தது. கீழ் லயத்து முற்றத்தில் ஆறேழு பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. அதில் எது அவள் சத்தம் என்று எனக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை.